துப்பாக்கியா, பாக்டீரியமா, கத்தரியா: மக்காச்சோளக் காப்புரிமைகளில் எதற்கு வலு?

மக்காச்சோளத்துக்குள் புதிய மரபணுவைச் செலுத்தும் முறைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: நூறு கருவில் எத்தனை செடியாகத் தேறும்? ஆய்வுக்கூட மேசைக்கு அந்தக் கணக்கு போதும். ஆனால் இந்தப் பயிரில் ஒவ்வொரு முறையும் தன் பின்னாலேயே ஒரு காப்புரிமையை இழுத்துக்கொண்டுதான் வந்தது. அது யார் கையில் இருந்தது, எவ்வளவு தூரம் செல்லுபடியானது, நீதிமன்றத்தில் நின்றதா விழுந்ததா என்று பார்க்காமல் முறைகளை ஒப்பிடுவது அரைகுறை வேலை. துகள்களைச் சுட்டு மரபணுவை இறக்கும் துப்பாக்கி, அதைச் சுமந்துபோகும் பாக்டீரியம், மரபணுவை வெட்டும் கத்தரிக்கோலான கிரிஸ்பர் ஆகிய மூன்று முறைகளையும் இந்த இரண்டு தராசுகளிலும் ஏற்றிப் பார்க்கிறேன்.

இந்தப் பயிர் ஏன் இவ்வளவு அடம்பிடித்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1983-இலேயே புகையிலையில் மரபணு மாற்றம் கைகூடிவிட்டது. அங்கே வேலையைச் செய்தது அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியம். காயம்பட்ட செடிக்குள் தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செலுத்திக் கழலை உண்டாக்குவது அதன் இயல்பு. கழலைக்குக் காரணமான பகுதியை நீக்கிவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால் அதையும் சுமந்துபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் இயற்கையில் அது தொற்றுவது பெரும்பாலும் இருவித்திலைத் தாவரங்களைத்தான், மக்காச்சோளமோ ஒருவித்திலை. செல் சுவரைக் கரைத்து, மின்துடிப்பு கொடுத்து மரபணுவை நுழைக்கும் வழியில் 1986-இல் மாற்றம் பெற்ற செல்கள் கிடைத்தன. 1988-இல் சுவர் நீக்கிய செல்களிலிருந்து முழுச் செடிகளே வந்தன. ஆனால் அவை மலடு. விதை பிடிக்காத செடியை வைத்துக்கொண்டு விதை நிறுவனம் என்ன செய்யும்? பிற்காலக் காப்புரிமைகளின் தலைப்பிலேயே ‘விதை பிடிக்கும் திறனுள்ள’ என்ற அடைமொழி ஏறி உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த ஏமாற்றம்தான்.

துப்பாக்கி

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் எண்பதுகளில் கண்ட வழி முரட்டு வழி. டி.என்.ஏ. பூசிய நுண்ணிய உலோகத் துகள்களைச் சுட்டுச் செல்லுக்குள் இறக்குவது. 1987-இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையில் இலக்காக இருந்தது வெங்காயத் தோல். அதன் செல்கள் பெரியவை என்பதால் உள்ளே போன துகளைக் கண்ணால் பார்க்க முடிந்தது. முதல் கருவியில் வெடிமருந்து. பின்னர் வந்ததில் ஹீலியம் வாயு.

ஹீலியம் கருவியின் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு மைக்ரோமீட்டர் அளவேயான தங்கத் துகள்களின் மேல் டி.என்.ஏ.வைப் படியவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் வட்டில் உலர்த்துகிறார்கள். கீழே தட்டில் மக்காச்சோளத்தின் முதிராத கருக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம். அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தபின் ஹீலியம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. குறித்த அளவை எட்டியதும் தடுப்புத் தகடு ‘டப்’ என்று வெடிக்கிறது. பிளாஸ்டிக் வட்டு பாய்ந்துபோய்க் கம்பி வலையில் மோதி நிற்க, தங்கம் மட்டும் வலையைத் தாண்டிக் கருக்களுக்குள் இறங்குகிறது. எந்தச் செல்லில் எத்தனை துகள் போய்ச் சேரும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால்தான் இம்முறையில் மரபணுவின் பல நகல்கள் ஒரே இடத்தில் குவிவதும், உடைந்தும் தாறுமாறாகவும் ஒட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது.

இந்த முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை, எண் 4,945,050, 1990 ஜூலையில் கிடைத்தது. தொழில்நுட்பத்தின் வணிக உரிமை டுபான்ட் கைக்குப் போனது. அதே 1990-இல் டிகால்ப் என்ற அமெரிக்க விதை நிறுவனத்தின் குழு துகள் தாக்குதல் மூலம் களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளச் செடிகளை உருவாக்கியது. இந்தச் செடிகள் விதை கொடுத்தன. புதிய மரபணு அடுத்த தலைமுறைக்கும் போனது. டிகால்ப் அதன்மேல் தனக்கெனக் காப்புரிமைகளை அடுக்கத் தொடங்கியது. ஆக, ஒரே முறையில் இரண்டு அடுக்கு உரிமை: கருவி ஒருவருடையது, அக்கருவியால் விதை பிடிக்கும் மக்காச்சோளத்தைப் பெறும் வழி இன்னொருவருடையது. சிறு ஆய்வுக்கூடம் இந்த இரண்டு வாசலையும் தாண்டியாக வேண்டும்.

அந்த 1990 என்ற ஆண்டு எவ்வளவு முக்கியம் என்பதை 2003-இல் முடிந்த ஒரு வழக்கு காட்டியது. பெல்ஜியத்தின் பிளான்ட் ஜெனட்டிக் சிஸ்டம்ஸ் நிறுவனம், குளுஃபோசினேட் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் தாவரச் செல்கள்மீது விரிவான உரிமை கோரியிருந்தது. டிகால்பின் மக்காச்சோளம் அதை மீறுகிறது என்பது வழக்கு. விண்ணப்பத்தின் காலம் 1987-ஐ ஒட்டியது. ஒருவித்திலைத் தாவரச் செல்களில் இதை எப்படிச் செய்வது என்று அந்தக் காலத்தில் அந்த விண்ணப்பத்தால் கற்பிக்க முடியவில்லை என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்துகாட்ட முடியாததன்மேல் வேலி போட முடியாது. இது மிகச் சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். ‘எல்லாத் தாவரங்களும்’ என்று எழுதிவைத்துவிட்டு, பிறர் பாடுபட்டுத் திறந்த வாசலில் சுங்கம் வசூலிப்பதை அது தடுத்தது.

பாக்டீரியம்

ஒருவித்திலைக்கு அக்ரோபாக்டீரியம் ஆகாது என்ற நம்பிக்கையை உடைத்தவர்கள் ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள். 1994-இல் நெல்லில் வெற்றி, 1996-இல் மக்காச்சோளத்தில். ஏ188 என்ற தூய வழி ரகத்தின் முதிராத கருக்களில் 5 முதல் 30 சதவீதம் வரை மாற்றம் கிடைத்தது. பெரும்பாலான செடிகளில் மரபணு ஒன்றிரண்டு நகல்களாக, உடையாமல் அமர்ந்திருந்தது. ரகசியம், மரபணுவைச் சுமந்துசெல்லும் டி.என்.ஏ.வான கடத்தியில் இருந்தது: வீரியம் மிக்க வேறொரு அக்ரோபாக்டீரிய வகையின் தொற்று மரபணுக்களைக் கூடுதலாகச் சேர்த்த ‘சூப்பர் பைனரி’ கடத்தி. 1997 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை எண் 5,591,616 வந்தது. அதன் தலைப்பு ஒருவித்திலைத் தாவரங்கள் அனைத்தையும் குறிக்கிறது.

உயிரியல் தராசில் பாக்டீரியம் துப்பாக்கியைத் தெளிவாக வென்றது. சந்தைக்கு வந்த ரகங்களிலேயே இதைப் பார்க்கலாம். மான் 810, என்கே 603 ஆகிய முந்தைய தலைமுறை ‘நிகழ்வுகள்’ (ஒரே ஒரு மரபணுச் செருகலிலிருந்து பெருக்கிய வரிசைகளுக்கு இத்துறையில் அப்படிப் பெயர்) துப்பாக்கியில் பிறந்தவை. பின்னர் வந்த மான் 88017, மான் 89034, சின்ஜெண்டாவின் எம்ஐஆர் 162 ஆகியவை பாக்டீரியத்தில் பிறந்தவை. (சிலிக்கன் கார்பைடு ஊசித் துகள்களோடு செல்களைக் குலுக்கும் முறை போன்ற பக்கவழிகளும் இருந்தன. டோ நிறுவனத்தின் ஒரு நிகழ்வு அப்படி வந்ததுதான். ஆனால் அவை பெருவழியாகவில்லை.)

காப்புரிமைத் தராசில் பாக்டீரியம் படுத்திய பாடு அதிகம். அடிப்படை அக்ரோபாக்டீரிய முறையை முதலில் கண்டவர் யார் என்பதில் மான்சான்டோ ஒருபுறமும், மாக்ஸ் பிளாங்க் கழகமும் பின்னர் பயர் நிறுவனமும் மறுபுறமும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் மோதினர். 2005 பிப்ரவரியில்தான் ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துச் சமாதானமானார்கள். பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். வெளியே நின்றவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது? பழைய அமெரிக்க விதிப்படி, 1995 ஜூனுக்கு முன் விண்ணப்பித்தவற்றுக்குக் காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு ஆயுள் கிடைக்க வழி இருந்தது. எனவே சண்டை நீள நீள, எண்பதுகளின் கண்டுபிடிப்புக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் உயிர் நீண்டது. பொது ஆய்வுக்கு இதனால் ஏற்பட்ட இழப்பு என்னை இன்றும் உறுத்துகிறது.

இந்த வேலியைச் சுற்றி ஒரு பாதை போட்டவர்களைப் பாராட்டாமல் போக முடியாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2002-இல், சூப்பர் பைனரி இல்லாமல் சாதாரணக் கடத்தியையே கொண்டு மக்காச்சோளக் கருக்களை மாற்றிக் காட்டியது. பாக்டீரியமும் கருவும் சேர்ந்து வளரும் ஊடகத்தில் எல்-சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்ததுதான் அவர்கள் செய்த முக்கியமான மாற்றம். சராசரியாக நூறு கருக்களுக்கு ஐந்தரை தேறின. முப்பதோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் பொது நிறுவனங்கள் கையாளத்தக்க எண்.

விதையோடு போகும் உரிமை

இங்கேதான் ஒப்பீட்டின் மையம். முறைமீதான காப்புரிமைக்கும் செடிமீதான காப்புரிமைக்கும் உள்ள வேறுபாட்டை, துப்பாக்கி முறையைச் சொல்லும் டிகால்பின் இரண்டு காப்புரிமைகள் மீதான 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் போல வேறெதுவும் விளக்கவில்லை. அதற்குள் டிகால்பை மான்சான்டோ வாங்கிவிட்டிருந்தது. கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் ஜிஏ 21 மக்காச்சோளத்தின் உரிமையை பயரிடமிருந்து வாங்கி விற்க முனைந்த சின்ஜெண்டாமீது வழக்கு.

எதன்மேல் உரிமை என்று காப்புரிமையில் எண்ணிட்டுச் சொல்லும் வாசகம்தான் உரிமைக்கோரல். முதல் உரிமைக்கோரல் மூன்று படிகளைச் சொன்னது: செல்களைத் துகள்களால் தாக்குவது, மாறிய செல்களைத் தேர்வது, விதை பிடிக்கும் செடியாக வளர்ப்பது. நான்காவது கோரல், அப்படி வந்த செடியிலிருந்து சந்ததியைப் பெறுவது. சின்ஜெண்டா சந்ததியைப் பெருக்கியது உண்மை. ஆனால் நான்காவது கோரல் முதலாவதைச் சார்ந்தது. அதை மீற வேண்டுமானால் முதல் மூன்று படிகளும் நடந்தாக வேண்டும். அவை பல ஆண்டுகளுக்கு முன் டிகால்பின் ஆய்வுக்கூடத்திலேயே முடிந்துபோனவை. சின்ஜெண்டா எதையும் சுடவில்லை. மீறல் இல்லை என்று ஃபெடரல் சர்க்யூட் தீர்த்தது. முறையின் உரிமை ஆய்வுக்கூட வாசலோடு நின்றுவிட்டது. விதை தன் வழியே போய்விட்டது.

ஐரோப்பாவில் சட்டத்தின் வாசகமே வேறு. 1998-இன் உயிரித் தொழில்நுட்ப ஆணை, பிரிவு 8(2)-இன்படி, குறிப்பிட்ட பண்புள்ள உயிர்ப்பொருளைத் தரும் முறைக்குக் கிடைத்த காப்புரிமை, அம்முறையில் நேரடியாகக் கிடைத்த பொருளுக்கும், அப்பண்பு நீடிக்கும் வரை அதிலிருந்து பெருகிய சந்ததிக்கும் நீள்கிறது. அமெரிக்கக் கோரலில் வழுக்கிவிழுந்த அதே சங்கிலி இங்கே சட்டத்திலேயே கோக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்க நிறுவனங்கள் செடிமீதே கோரல் எழுதுவதில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதற்கான பாதையும் மக்காச்சோளத்தாலேயே போடப்பட்டது: டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் மிகுந்த மக்காச்சோளம் குறித்து அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியம் 1985-இல் எடுத்த ஹிபர்ட் முடிவு விதைக்கும் செடிக்கும் காப்புரிமை உண்டு என்றது. பயனியர் நிறுவனத்தின் மக்காச்சோளக் காப்புரிமைகள் தொடர்பான வழக்கில் 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. செடிமீதான கோரல் துப்பாக்கியா பாக்டீரியமா என்று கேட்பதில்லை. விதைப் பை எங்கே போகிறதோ அங்கே போகிறது.

கத்தரி

கிரிஸ்பர் வந்ததும் பழைய இரண்டும் முடிந்துவிட்டன என்று எழுதுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கத்தரியை மக்காச்சோளச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க இன்றும் துப்பாக்கியோ பாக்டீரியமோ வேண்டும். கத்தரி அவற்றுக்குப் போட்டி என்பதைவிட அவற்றின்மேல் ஏறிய இன்னோர் அடுக்கு என்பதே பொருத்தம். அதாவது இன்னோர் உரிமம். பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தரப்புக்கும் பிராட் ஆய்வு நிறுவனத்துக்கும் இடையிலான உரிமைப் போரில் 2022-இல் அமெரிக்கக் காப்புரிமை வாரியம் பிராட் பக்கம் சாய்ந்தது. 2025 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பியது. வேளாண்மையில் 2017-இலேயே டுபான்ட் பயனியரும் பிராடும் கூட்டு உரிம ஏற்பாட்டுக்கு வந்தன: கல்வி ஆய்வுக்கு இலவசம், வணிகத்துக்கு உரிமம். ஒரே மேசையில் பேசி முடிக்க முடிவது நல்ல ஏற்பாடு. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பது உலகின் மிகப் பெரிய விதை நிறுவனங்களுள் ஒன்று என்பதுதான் என் கவலை. முன்பு மசியாத ரகங்களையும் மாற்ற வழிசெய்த ‘பேபி பூம்’, ‘வூஷெல்’ மரபணு உத்தியை 2016-இல் வெளியிட்டதும் அதே நிறுவனம்தான்.

இன்று ஒரு பொது ஆய்வுக்கூடம் என்னிடம் யோசனை கேட்டால் சாதாரணக் கடத்தியோடு பாக்டீரியத்தைத்தான் சொல்வேன். கார்னெலின் துப்பாக்கிக் காப்புரிமை 2007-இலேயே காலாவதியாகிவிட்டது, ஜப்பான் டொபாக்கோவின் முதல் காப்புரிமையும் முடிந்துவிட்டது. காப்புரிமை பெறப்படாத நாட்டில் எந்தத் தடையும் எப்போதும் இருந்ததில்லை. கத்தரி வேண்டுமானால், வணிக எண்ணம் முளைப்பதற்கு முன்பே உரிமத்தைப் பேசிவிட வேண்டும்.

ஏனென்றால் கத்தரியில் முறைக் காப்புரிமையின் பலவீனம் இன்னும் கூர்மையாகிறது. டுபான்ட் பயனியர் 2016-இல் அறிவித்த மெழுகு மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தின் இரண்டு கூறுகளில் ஒன்றான அமிலோஸை உருவாக்கும் மரபணுவை வெட்டி நீக்கியதால், மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் மற்றொரு கூறான அமிலோபெக்டினாகிறது. இதே குறைபாடுள்ள மக்காச்சோளம் இயற்கையிலேயே நூறாண்டுக்கும் மேலாக அறியப்பட்டது. புதுமை, உயர் விளைச்சல் ரகத்தில் நேரடியாக வெட்ட முடிந்ததில். வெட்டி முடித்தபின் கத்தரியின் மரபணு அடுத்த தலைமுறைகளில் பிரிந்துபோய்விடும். அந்த விதையைக் கையில் வாங்குபவருக்கு ஒரு மரபணு குறைந்த மக்காச்சோளம் மட்டுமே தெரியும். எந்தக் கத்தரி வெட்டியது என்பதற்கு விதைக்குள் சாட்சி இல்லை.