பேட்டரியா, ஐஸா, குளிர்நீர்த் தொட்டியா: மாலை நேர மின்சுமைக்கு எது?

மாலை ஆறு மணி அடித்ததும் எங்கள் மருத்துவமனையின் மின்கட்டணம் வேறு கணக்குக்கு மாறிவிடும். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலை, மருத்துவமனை போன்ற இடங்கள் பீக் நேரமான 6 முதல் 10 வரை எடுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. காலையிலும் ஒரு பீக் உண்டு, இங்கே மாலையை மட்டும் பேசுகிறேன்.

அந்த நேரத்தில் எங்களிடம் அதிக மின்சாரம் இழுப்பது ஏ.சி. சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் இயந்திரம். அதை நான்கு மணி நேரம் நிறுத்தினாலும் வார்டுகள் குளிர்ந்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி, ஐஸ், குளிர்நீர் என்று மூன்றையும் பார்த்துவிட்டுக் குளிர்நீர்த் தொட்டியைக் கட்டினோம். இரண்டு கோடை ஓட்டியிருக்கிறோம்.

8 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம், ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர். இரவில் சில்லர் அதை 6 டிகிரிக்குக் குளிர்விக்கும். மாலையில் அந்தத் தண்ணீர் கட்டடத்தைச் சுற்றி 14 டிகிரியில் திரும்பினால், நான்கு மணி நேரமும் சுமார் 350 டன் (ஏ.சி.க்குச் சொல்லும் அதே டன்) குளிர்ச்சி கிடைக்கும். சில்லர் எடுத்திருக்க வேண்டிய ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரம் பீக்கிலிருந்து விலகும். அதே வேலைக்கு ஒரு மெகாவாட்-மணி, அதாவது 1,000 யூனிட் பேட்டரி வேண்டும்.

ஐஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடம் ஆறில் ஒரு பங்கு போதும், நகர நடுவில் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் உறைய வைக்க சில்லர் பூஜ்யத்துக்குக் கீழே, கிளைகால் (உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்த நீரில் ஓட வேண்டும். அதே டன்னுக்கு மின்சாரம் கூடுதலாகப் போகும். எங்களிடம் இருந்த சில்லர்கள் அதற்கு ஆனவை அல்ல. பின்புறம் காலி இடமும் இருந்தது.

பேட்டரியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது மின்சாரமாகவே திருப்பித் தரும். லிஃப்ட், ஸ்கேன் எதற்கும் கொடுக்கலாம், கண்ணிமைக்கும் முன் வேலைக்கு வரும். மின்வலையின் அதிர்வெண் சரியும்போது தாங்கிப் பிடிக்கத் தொட்டியால் ஆகாது. பேட்டரியை நான் சொந்தமாகப் பத்து வருடம் ஓட்டிப் பார்த்தவன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை முடிவு பண்ண வைத்தது தேய்மானம். தினமும் ஏற்றி இறக்கினால் பேட்டரியின் கொள்ளளவு வருடா வருடம் சுருங்கும். பராமரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மெதுவாக்கலாமே ஒழிய நிறுத்த முடியாது. நம் வெயிலில் பேட்டரி அறைக்கே ஏ.சி. போட வேண்டும். தண்ணீருக்கு வயதாவதில்லை.

ஆனால் தொட்டியும் சுருங்கும், வேறு காரணத்தால். முதல் கோடையில் எங்கள் தொட்டி பத்து மணி வரை வரவில்லை, எட்டரைக்கே தீர்ந்தது. திரும்பி வந்த தண்ணீர் 14 டிகிரியில் இல்லை, 11இல் இருந்தது. எட்டு டிகிரி வித்தியாசத்துக்குக் கட்டிய தொட்டியில் ஐந்து டிகிரிதான் வேலை செய்தது, எட்டில் ஐந்து பங்கு குளிர்ச்சி. பழைய ஏ.எச்.யூ.க்களில் (குளிர்நீரால் அறைக்காற்றைக் குளிர்விக்கும் பெட்டிகள்) இருந்த மூன்று வழி வால்வுகள்தான் காரணம். அறை குளிர்ந்துவிட்டால் அவை தண்ணீரைக் காயிலுக்குள் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) விடாமல் சுற்றி அனுப்பும். அது குளிர் குறையாமல் அப்படியே தொட்டிக்குத் திரும்பும்.

தொட்டிக்குள் கனமான குளிர்ந்த நீர் கீழேயும் சூடான நீர் மேலேயும் தனி அடுக்காக நிற்க வேண்டும். திரும்பும் நீர் போதிய சூடாக இல்லாவிட்டால் அந்த அடுக்கும் கலங்கும். 4 டிகிரிக்குக் கீழே குளிர்விப்பதும் உதவாது, தண்ணீர் மறுபடி லேசாகிவிடும்.

அவற்றுக்குப் பதில், வேண்டாத தண்ணீரைச் சுற்றி அனுப்பாமல் நிறுத்திவிடும் இரு வழி வால்வுகளைப் போட்டோம், பம்புகளுக்கு வேகக் கட்டுப்பாடு வைத்தோம், அடைத்திருந்த காயில்களைக் கழுவினோம். இப்போது 13.5 டிகிரி வருகிறது. ஒன்பதே முக்கால் வரை தாங்குகிறது. சுருங்கின தொட்டியை ஃபிட்டரும் ஒரு செட் வால்வும் திரும்ப விரிக்க முடிந்தது. சுருங்கின பேட்டரிக்கு அப்படி ஒரு வைத்தியம் கிடையாது.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயில் சாய்ந்ததும் சூரியமின்சாரம் போய்விடும், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ச்சிக்காக எழும் தேவையைக் குளிர்ச்சியாகவே சேமித்துச் சமாளிப்பது எனக்கு நேர்வழியாகப் படுகிறது. கூரையில் சோலார் நிறைய உள்ளவர்கள் இரவுக்குப் பதில் நண்பகலிலேயே தொட்டியை ஏற்றலாம். நாங்கள் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

இரவில் உங்கள் சில்லருக்கு ஓய்வே இல்லையென்றால் தொட்டி வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். ஓய்வு இருந்தால், தொட்டிக்கு விலை கேட்கும் முன் சில்லர் லாக் புத்தகத்தை எடுத்து, திரும்பி வரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். மாதக்கணக்கில் 11, 11 என்றே எழுதியிருந்தால் முதலில் வால்வுகள், அப்புறம் தொட்டி.