போர் யாரிடம் அதிகம் பறித்தது: லாட்டனா, ஃபின்னியா?

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் இங்கிலாந்து கால்பந்து வீரர் டாமி லாட்டனுக்கு வயது 19. எவர்டன் கிளப்புக்காக அடுத்தடுத்து இரண்டு சீசன்களில் லீக்கிலேயே அதிக கோல் அடித்து, சாம்பியன் பட்டமும் வென்றிருந்தார். ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. அதனால் போர்க்காலப் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த கோல்கள் லீக் கணக்கில் சேரவில்லை.

இன்னொரு இங்கிலாந்து வீரர் டாம் ஃபின்னி கதை வேறு. 1941ல் போர்க்காலக் கோப்பை இறுதியில் பிரஸ்டன் கிளப்புக்காக ஆர்சனலை எதிர்த்து ஆடியவர், அப்புறம் எகிப்து, இத்தாலி என்று டாங்கிப் படையோடு போய்விட்டார். முதல் லீக் ஆட்டம் 1946ல், 24 வயதில்! ஒரு மாதத்துக்குள் இங்கிலாந்து அணியில் இடம். இங்கிலாந்துக்காக மொத்தம் 76 ஆட்டம், 30 கோல். பிளம்பர் தொழிலையும் விடவில்லை.

காத்திருந்தது ஃபின்னிதான், சரி. ஆனாலும் இழப்பு லாட்டனுக்கே அதிகம் என்பேன். 19 முதல் 26 வரை ஒரு ஸ்ட்ரைக்கரின் பொற்காலம். 1947லேயே மூன்றாம் டிவிஷன் அணியான நாட்ஸ் கவுன்டிக்கு 20,000 பவுண்டுக்குப் போய்விட்டார்.