வெளிச்சம் கேட்கும் மேசை

கிருமி கொல்லும் பூச்சுப் போட்ட வெட்டு மேசைக்கு விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் நெல்லிரசம் செய்கிற நண்பர் கேட்டார்.

எவர்சில்வர் தகட்டின் மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு (titanium dioxide) என்ற சேர்மத்தின் பூச்சு. ஒளி பட்டால் காற்றின் ஒட்சிசனையும் ஈரத்தையும் கொண்டு பற்றீரியாவைச் சிதைக்கும். இதையெல்லாம் விற்பவரே சொல்லுவார். எந்த ஒளி என்பதைத்தான் சொல்ல மாட்டார். சாதாரணப் பூச்சுக்குச் சுமார் 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் (UV) கதிர் வேண்டும். இப்போது எல்லோரும் மாட்டியிருக்கிற வெள்ளை எல்ஈடி பல்ப்பில் அது இல்லையென்றே சொல்லலாம். பழைய ரியூப் லைற்றிலாவது கொஞ்சம் கசியும். கரண்ட் பில்லுக்குப் பயந்து அதையும் கழற்றியாயிற்று.

பழம் வெட்டும் எங்கள் இடத்திலும் இப்படி ஒரு மேசை இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்து குவிகிற காலத்தில் விடியப்புறமே வெட்டத் தொடங்குவோம். பூச்சு உழைக்க வேண்டிய அந்த நேரத்தில் அது வெறும் மேசை. துடைத்தெடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தபோதும் யன்னல் பக்கத்தில் கிருமி குறைவு, உள்பக்கத்தில் பழைய மேசைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சாறு காய்ந்து படிந்த இடத்தில் யன்னல் வெளிச்சமும் உதவாது, பூச்சைத் தொட்டால்தானே கிருமி சாகும்.

கழியூதா லைற் ஒன்றை மேலே கட்டச் சொல்கிறார் விற்றவர். அதன் கீழ் நாள் முழுக்க நின்று பழம் வெட்டுகிற பெண்களின் கண்ணுக்கும் தோலுக்கும் யார் பொறுப்பு? ஆட்கள் போன பிறகு போடலாமாம். சரி, அதற்குக் குளோரின் தண்ணீர் போதாதா?

ஆனால் கழுவும்போது இதைப் போல ஒரு மேசையை நான் கண்டதில்லை. வெளிச்சம் பட்ட பூச்சில் தண்ணீர் துளியாக நிற்காது, படலமாக விரிந்து ஓடும். யப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட குணம் இது. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைக்கும். யன்னல் பக்கத்தில் அந்தப் புள்ளி விழுவதேயில்லை. மாம்பழப் பிசினும் ஒரு வாளித் தண்ணீரோடு போய்விடும். தேய்த்துத் தேய்த்துக் கை நொந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இதே பூச்சில் பொதி உறையும் வந்திருக்கிறதாம். மூடிக் கட்டிய அட்டைப் பெட்டிக்குள் எந்தச் சூரியன் உதிக்கப் போகிறது?

நண்பருக்குப் பதில்: விலை பாதியானாலும் வாங்க வேண்டாம். என்னுடையதைக் கேட்கவும் வேண்டாம், தர மாட்டேன்.