டெல்லிக் குளிரில் ஒன்றரை அடிக் குளம்: கப்பியா, காமெட்டா?

ஜனக்புரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 2020 ஆகஸ்டில் எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு சிமென்ட் குளம் கட்டினோம். குழந்தைகள் ஓடியாடும் இடம் என்பதால் ஒன்றரை அடிக்கு மேல் தோண்ட மனம் வரவில்லை. சுமார் 1,700 லிட்டர் பிடிக்கும்.

முதலில் விட்டது கப்பி என்ற சின்ன வண்ண மீனில் முப்பது. விலை மலிவு, கொசுப்புழுவை விடாது, தானாகவே பெருகும். தீபாவளிக்குள் நூறைத் தாண்டியிருக்கும். 2021 புத்தாண்டு காலையில் டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. அன்று ஒரு கப்பிகூடப் பிழைக்கவில்லை. வால் விரிந்தபடியே, நிறம்கூட மங்காமல், தாமரை இலைக்கடியில் ஒதுங்கிக் கிடந்தன. வலை போட்டு அள்ளும்போது என் மகள் எண்ணிக்கொண்டே வந்து, அறுபதுக்கு மேல் எண்ண முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மார்ச்சில் ஆறு காமெட் வாங்கி விட்டேன். ஒற்றை வால், நீள உடம்பு கொண்ட கோல்டு ஃபிஷ் இது. இன்றுவரை என் ஓட்டு இதற்குத்தான்.

பலரும் ஹீட்டர் போட்டால் கப்பியே போதுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,700 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கவே இரண்டு யூனிட் கரண்ட் வேண்டும். ஜனவரி விடியலில் என் குளம் 9 டிகிரிக்கு இறங்கிவிடும். அதைக் கப்பி தாங்கும் 18க்கு ஏற்ற 18 யூனிட். திறந்த குளம் அந்தச் சூட்டை ஒரே ராத்திரியில் வானத்துக்குக் கொடுத்துவிடும். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. ஆழமான குளத்தில் அடித்தண்ணீர் கொஞ்சம் நிதானமாக ஆறும். ஒன்றரை அடியில் அந்தச் சலுகை கிடையாது.

கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். குளத்தின் மேல் பனிக்கட்டி உறையும் ஊர்களிலேயே அடியில் பிழைத்துக் கிடக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும் மீன் அது. டெல்லிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. முதல் குளிர்காலத்தில் என் மனைவிதான் பயந்துபோய் எழுப்பினாள்: "ஏங்க, எல்லாமே அடியில கெடக்கு, ஒண்ணும் அசையல." டார்ச் அடித்துப் பார்த்தேன். செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

குளிர்காலப் பராமரிப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான்: தீனியை நிறுத்துவது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும். மத்தியானம் வெயிலில் 14 டிகிரி காட்டுகிறதே, மீனும் மேலே வருகிறதே என்று போடக் கூடாது. விடியற்காலை அளவைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் தின்றது ராத்திரிக்குள் செரிக்காது. நான் டிசம்பர் கடைசியில் நிறுத்தி, பிப்ரவரி பாதிக்கு மேல் கொஞ்சமாகத் தொடங்குகிறேன்.

கோய் என்ற வண்ணக் கெண்டையை நான் வளர்த்ததில்லை. குளிரை அதுவும் தாங்கும்தான். ஆனால் இரண்டடி வரை வளரும் மீனுக்கு ஒன்றரை அடிக் குளம் நியாயமில்லை, நல்ல ஃபில்டரும் வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷிலேயே ஒராண்டா போன்ற உருண்டை உடம்புக்காரர்கள் குளிரில் நீச்சல் தடுமாறுவார்கள் என்பதால் அவற்றையும் விட்டுவிட்டேன். கொசுப்புழு தின்னும் சின்ன மீனான கம்பூசியா குளிரைத் தாங்கும், கொசுவையும் ஒழிக்கும். ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். யமுனைப் பக்கத்து ஏரி குளங்களில் தப்பித்தவறி விழுந்தால் அங்குள்ள மீன்களுக்கும் தொல்லை.

காமெட்டுக்கு உண்மையான சோதனை ஜூன் மாதம். தண்ணீர் சூடாக ஆக ஆக்ஸிஜன் குறையும். பச்சை வலைப் பந்தலும், ராத்திரியும் ஓடும் சின்ன பம்ப்பும் இல்லாத முதல் கோடையில் ஒன்று போனது. இன்னொன்றை மீன்கொத்தி கொண்டுபோனது. மீதி நான்கும் இப்போது என் உள்ளங்கையைவிட நீளம்.