கல்லடி வாடகைச் சைக்கிள்: மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பின்

மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரைக்குச் செல்லும் வீதியொன்றில் சைக்கிள்களை நாள் வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கைக்கும் எனக்குமாக இரண்டு சைக்கிள்களை மூன்று நாட்களுக்கு எடுத்தோம். ஒரு சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய். அடையாள அட்டையின் பிரதியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

சைக்கிள்கள் நல்ல நிலையில் இருந்தன. பிரேக் உறுதியாகப் பிடித்தது, செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் ரியூப்பில் காற்றுப் போனபோது, தொலைபேசியில் சொன்ன அரை மணி நேரத்தில் கடைக்காரத் தம்பி மாற்றுச் சைக்கிளோடு வந்துவிட்டார். குறை என்றால், சேலையோ பாவாடையோ உடுத்துபவர்கள் ஏறக்கூடிய, குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளையை ஏற்றிச் செல்லும் இருக்கை எதிலும் இல்லை. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைபவர்கள் பெரும்பாலும் தாய்மார்தான் என்பதால், இந்தக் குறையை நான் சிறியதாக எண்ணவில்லை.

எங்கள் ஊர் சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர். மூச்சு வாங்க வைக்கும் மேடு எங்கும் கிடையாது. அன்றாடத் தேவைகள் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் எட்டும்படி நகரம் அமைய வேண்டும் என்று பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரெனோ சொல்லிவருகிறார். கல்லடியிலிருந்து புளியந்தீவுக் கோட்டைவரை சாவகாசமாக மிதித்தும் எங்களுக்கு இருபது நிமிடம் ஆகவில்லை.

அந்த வழியில் மிகச் சிறந்த பகுதி பழைய கல்லடிப் பாலம். 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம், பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் ஒரே ஒடுங்கிய தடத்தில் முட்டிமோதிய காலத்தையெல்லாம் சுமந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு, பெரிய வாகனங்களின் பாரம் அதைவிட்டு இறங்கியது. இப்போது அங்கே முதியவர்கள் நின்று வாவியைப் பார்க்கிறார்கள். தூண்டில் போடுபவரைத் தாண்டி மாணவிகள் அச்சமின்றிச் சைக்கிளில் போகிறார்கள். பாடும் மீன்களுக்குப் பெயர்போன அந்த இடத்தில் நீரின் சலசலப்புக் காதில் விழ வேண்டுமானால் இரைச்சல் குறைந்துதானே ஆக வேண்டும்! பழையதை உடைத்தெறியாமல் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் விட்டுவைத்ததே, பெருந்தொகைத் திட்டம் எதற்கும் குறையாத நகர வடிவமைப்பு என்று நான் நம்புகிறேன்.

பாலத்தைவிட்டு இறங்கிப் பிரதான வீதியில் ஏறியதும் நிலைமை மாறிவிடுகிறது. சைக்கிளுக்கு மிஞ்சும் வீதியோரத்தில் வாகனங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள்; அவற்றைச் சுற்றிச் செல்ல ஒவ்வொரு முறையும் பஸ்ஸின் பாதைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்குப் பிறகு தார் கக்கும் சூட்டில் தங்கையால் தொடர முடியவில்லை. வழியில் ஒரு வேப்பமர நிழலில் நின்றபோது, அங்கே ஏற்கெனவே இரண்டு தொழிலாளர்களும் தயிர்ச் சட்டி விற்கும் அம்மா ஒருவரும் ஒதுங்கியிருந்தார்கள். குளிரூட்டிய காரில் போகிறவருக்கு அந்த மரம் வெறும் காட்சி. இவர்களுக்கோ அது இல்லாவிட்டால் வேலை இல்லை. வேம்பையும் வாகையையும் புங்கையையும் வீதியோரம் நெருக்கமாக நட்டு, ஓரத்தில் ஒரு மீற்றரையேனும் சைக்கிளுக்கு ஒதுக்கினால், இந்தக் கடையின் சேவை சுற்றுலாப் பயணிகளைத் தாண்டி ஊருக்கும் பயன்படும். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது சைக்கிளின் அருமையை நாம் எல்லோருமே அறிந்தோம்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, மாத வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் சிலரும் அப்படிக் கேட்டிருப்பதாகவும், குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள்கள் இன்னும் சில வாங்கிய பின் தொடங்கலாம் என்றிருப்பதாகவும் தம்பி சொன்னார். அதுவரை, எடுக்க விரும்புபவர்கள் முதல் நாள் மாலையே சொல்லிவைத்து, விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்படுவது நல்லது. ஒன்பது மணிக்குள் பாலத்தையும் கோட்டையையும் கடற்கரையையும் ஆறுதலாகச் சுற்றி வந்துவிடலாம்.