எர்த் ராடு இறக்க எது: சம்மட்டியா, ரோட்டரி ஹேமரா, துளையா?

பாலாற்றங்கரை மனையில் சொன்னபடி கேட்டு இறங்கும் எர்த் ராடு (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் விடும் உலோகக் கம்பி), காட்பாடிப் பக்கம் மலையடிவாரத்தில் நாலடியோடு நின்றுவிடும். ஆளும் அதே ஆள், மெஷினும் அதே மெஷின். பழைய வட ஆர்க்காட்டு மண் அப்படி. ஆற்றோரம் மணல், வயல் பக்கம் செம்மண், மலையை நெருங்க நெருங்கச் சரளை, அதற்கும் கீழே பாறை. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் பக்கத்தில் உள்ள கிணற்றை எட்டிப் பாருங்கள். பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்பது கிணற்றுச் சுவரிலேயே தெரியும்.

எர்த் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 3043-படி ராடு 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3 மீட்டர் நல்லது. மின்தடை 100 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில் 16 மி.மீ. தடிமனுள்ள 3 மீட்டர் ராடு சுமார் 35 ஓம் தடை காட்டும்; இது குறையக் குறைய நல்லது. தடிமனை இரட்டித்தால் அதில் பத்து சதவீதம்தான் குறையும். நீளத்தை இரட்டித்தால் கிட்டத்தட்ட பாதியாகும். இறங்காத ராடை மேலே அறுத்துவிட்டு கிளாம்ப் (எர்த் வயரை ராடோடு பிடிக்கும் கவ்வி) மாட்டுவது ஏன் ஏமாற்று வேலை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

முதலில் சம்மட்டி. எட்டு பவுண்டு சம்மட்டிக்குக் கரண்டு வேண்டாம், வாடகை வேண்டாம். ஈரம் உள்ள செம்மண்ணில் இதுவே போதும். ஆனால் 3 மீட்டர் ராடை நிறுத்தினால் அதன் தலை ஆளுக்கு மேலே இருக்கும். ஏணியில் நின்று சம்மட்டி வீசுவது விபத்தைக் கூப்பிடுவது. அடி சற்றுச் சாய்ந்தாலும் ராடு அதிர்ந்து, மேல் ஓரடிக்குத் துளையைப் பெரிதாக்கிவிடும். அங்கே மண் ராடைத் தொடாமல் நிற்கும். தலையும் காளான் போல விரியும், பிறகு கிளாம்ப் நுழையாது. சம்மட்டிதான் என்றால் கிளாம்பை முதலிலேயே ராடில் கோத்துவிடுங்கள். ராடைப் பிடிப்பவர் கையால் பிடிக்காமல் பைப் ரிஞ்சால் பிடிக்கட்டும்.

இதற்கு ஒரு மலிவான மாற்று உண்டு. ஒரு மீட்டர் நீள 50 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் ஒரு முனையில் கனமான இரும்புக் கட்டையை வெல்டு வைத்து அடைத்து, ராடின் மேல் கவிழ்த்து ஏற்றி இறக்குவது. கை குழாயின் கீழ்ப் பகுதியைப் பிடிப்பதால் ஏணியின் தேவை குறையும், அடியும் நேராக விழும். முதல் ஒரு மீட்டருக்கு மெஷினைவிட இதுவே வசதி.

அடித்துத் துளைக்கும் மெஷினான ரோட்டரி ஹேமரில் கிண்ண அட்டாச்மென்ட் (ராடின் தலையில் கவிழும் கிண்ணம்) மாட்டுவதுதான் சரளை மண்ணுக்கு ஏற்றது. ஆனால் எந்த ஹேமர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுவரில் துளை போடும் சின்ன எஸ்டிஎஸ்-பிளஸ் மெஷினின் ஓர் அடியின் ஆற்றல் சுமார் 3 ஜூல். 16 மி.மீ. ராடு 3 மீட்டருக்கு 4.7 கிலோ எடை. அவ்வளவு எடையை அந்தச் சின்ன அடி நகர்த்தாது. அடி திரும்பி மெஷினுக்கே வரும், கியர் பெட்டி சூடேறி கிரீஸ் இளகும். பெரிய உளி மாட்டும் எஸ்டிஎஸ்-மேக்ஸில் 8 ஜூலுக்கு மேல் இருந்தால் செம்மண்ணுக்குச் சரி. சரளைக்கு 15 ஜூலைத் தாண்டிய பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கும் மெஷின்) எடுங்கள்.

மோட் சுவிட்ச் உளி அடையாளத்தில், அதாவது வெறும் அடியில் இருக்க வேண்டும். சுழற்சியோடு அடிக்கவிட்டால் கிண்ணம் ராடைப் பற்றி மணிக்கட்டை முறுக்கும்.

கிண்ணத்தின் அளவையும் கவனியுங்கள். முக்கால் அங்குலம் என்று விற்கும் மரையுள்ள செம்புப் பூச்சு ராடின் உண்மையான தடிமன் 17.2 மி.மீ. எட்டில் ஐந்து (5/8) அங்குல ராடு 14.2 மி.மீ. பதினாறு மி.மீ. கிண்ணத்தில் முதலாவது நுழையாது, இரண்டாவது ஆடும். பழைய உளியின் ஷாங்க்கில் (மெஷினுக்குள் மாட்டும் தண்டில்) குழாயை வெல்டு வைத்துத் தரும் பட்டறைகள் உண்டு. வெல்டை ஒட்டிய இடத்திலேயே அது ஒடியும். ஒரே கம்பியில் லேத்தில் கடைந்து, சூடு கொடுத்துக் கடினமாக்கியதுதான் தாங்கும்.

ஏணியில் ஏறி எட்டுப் பத்து கிலோ மெஷினைத் தலைக்கு மேல் தூக்காமலிருக்க, 1.5 மீட்டர் துண்டுகள் இரண்டை கப்ளர் (இரண்டு ராடை இணைக்கும் மரையுள்ள குழாய்த் துண்டு) போட்டு இறக்குங்கள். அடிக்கும்போது மேல் மரையில் கப்ளர் மாட்டி, அதில் டிரைவிங் ஸ்டட் (அடியை வாங்கும் போல்ட்) இருக்க வேண்டும். அது கப்ளருக்குள் ராடின் முனையைத் தொடும்வரை இறுகியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அடி முழுவதும் மரையில் விழுந்து மரை நசுங்கும். அதிர்வில் கப்ளர் தளரும் என்பதால் அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள்.

மெஷினை மேலிருந்து அழுத்தவும் வேண்டாம். அதன் எடையே போதும், கையால் நேராகப் பிடித்தால் சரி. 1,500 வாட் மெஷினுக்கு 3 கேவிஏ ஜெனரேட்டராவது வேண்டும். கரண்டு எடுப்பது எக்ஸ்டென்ஷனில் என்றால் அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்ததும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கட்டும். எர்த் இல்லாத மனையில்தானே எர்த் போடவே வந்திருக்கிறோம்!

ஒரு நிமிடம் முழுவதும் அடித்தும் இரண்டு விரற்கடை இறங்கவில்லை என்றால் கீழே பாறை. நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் ராடு வளையும், அல்லது செம்பு உரியும். ஒரு மீட்டர் தள்ளி மறுபடி முயலலாம், உருண்டைக் கல்லாக இருந்தால் தப்பிவிடும். அங்கும் அதே ஆழத்தில் நின்றால் எந்தச் சுத்தியலும் உதவாது.

அப்போதுதான் துளை. 100 முதல் 150 மி.மீ. அகலத்தில் 3 மீட்டர் துளைத்து, நடுவில் ராடை நிறுத்தி, பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் ஒருவகைக் களிமண்) குழம்பைக் காற்றுப்பை இல்லாமல் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். செலவு அதிகம், கம்ப்ரசர் வண்டி வர வழியும் வேண்டும். கரியும் உப்பும் கொட்டும் பழைய வழக்கம் முதல் கோடையில் நல்ல ரீடிங் தரும். பிறகு உப்பு மழையில் கரைந்து போகும், ஜிஐயையும் அரிக்கும்.

பாறை இரண்டடியிலேயே என்றால் ஆழத்தை மறந்துவிட்டு 25×4 மி.மீ. ஜிஐ பட்டையை அரை மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் நீளத்துக்குப் புதைப்பது சிக்கனம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் ஓரமாகப் போடுங்கள், வேலூர் வெயிலில் அரை மீட்டர் மண் காய்ந்து போகும்.

ஆற்று மணலில் சிக்கல் வேறு. ராடு வெண்ணெயாக இறங்கும், ஆனால் காய்ந்த மணலின் தடை மிக அதிகம். அங்கே கப்ளர் போட்டு ஈரம் எட்டும்வரை 6 மீட்டர் கூடப் போகலாம். அதற்கு மெஷின்தான் சரி.

எந்த முறையானாலும் ராடை வீட்டு வயரிங்கிலிருந்து பிரித்துவிட்டு, மூன்று கம்பி எர்த் டெஸ்டரால் மே மாதத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். மழைக்குப் பிறகு எடுக்கும் ரீடிங் அழகாகவே இருக்கும். 35 ஓம் எர்த்தில் 230 வோல்ட் ஆறரை ஆம்பியரைத்தான் ஓட்டும், 16 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் அணையும் சுவிட்ச்) அதற்கு அசையாது. ஆகவே ராடு எவ்வளவு நன்றாக இறங்கியிருந்தாலும் போர்டில் ஆர்சிசிபி இல்லாமல் வேலையை ஒப்படைக்காதீர்கள்.