ஷெல் ஃபங்ஷனை ஸ்கிரிப்ட்டுக்குள் கூப்பிட எந்த வழி நல்லது?

டெர்மினலில் அடித்தால் ஓடுகிற ஃபங்ஷனை (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பை) ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. காரணம் எளிது. ஸ்கிரிப்ட்டைத் தனி ஷெல் (கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல்) ஒன்று ஓட்டுகிறது. டெர்மினல் ஷெல்லில் நீங்கள் எழுதி வைத்த ஃபங்ஷன் அதற்குத் தெரியாது.

சரி, பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது வாசிக்கிற பாஷ்ஆர்சி கோப்பையே ஸ்கிரிப்ட்டின் தலையில் சோர்ஸ் செய்துவிடலாம் (அதே ஷெல்லில் வாசிக்க வைத்துவிடலாம்) என்றுதான் முதலில் தோன்றும். உபுண்டுவில் இது பலிக்காது. ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல்லாக இல்லாவிட்டால் இத்தோடு திரும்பிவிடு என்று அந்தக் கோப்பின் முதல் சில வரிகளிலேயே எழுதியிருக்கும். கடைசியில் நீங்கள் சேர்த்த ஃபங்ஷன் வரை ஷெல் வாசிக்கவே வாசிக்காது. சோர்ஸ் செய்த வரியில் பிழைச்செய்தியும் வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அப்புறம் ஃபங்ஷன்களை மட்டும் தனிக் கோப்புக்கு மாற்றி, அதை முழுப் பாதையோடு சோர்ஸ் செய்தேன். இன்றுவரை சிக்கல் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். டேஷ் என்ற இன்னொரு சிறிய ஷெல்லில் ஓட வேண்டுமென்றால் சோர்ஸ் என்ற சொல்லுக்குப் பதில் ஒற்றைப் புள்ளி போடுங்கள்.

இரண்டாவது வழி, ‘எக்ஸ்போர்ட் மைனஸ் எஃப்’. ஒரே வரியில் வேலை முடியும். ஃபங்ஷன் முழுவதும் என்விரான்மென்ட் வேரியபிளாக (ஒரு நிரல் தான் தொடங்கும் நிரலுக்குக் கொடுத்தனுப்பும் மதிப்பாக) மாறி அடுத்த பாஷுக்குப் போய்ச் சேரும். 2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த வசதியில் இருந்ததுதான்: ஃபங்ஷனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டளையையும் பாஷ் ஓட்டிவிட்டது. அதைச் சரிசெய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் டேஷுக்கு இந்த ஃபங்ஷன் தெரியாது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில்) ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு உங்கள் டெர்மினலின் என்விரான்மென்ட்டும் போகாது. கோப்புப் பெயர்களை வாங்கி இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக பாஷைக் கூப்பிட்டு, நூறு கோப்புகளை ஒரே ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது மட்டும் இதை எடுக்கிறேன்.

மூன்றாவது, ஃபங்ஷனையே தனி ஸ்கிரிப்ட்டாக்கி, பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) உள்ள ஃபோல்டரில் போடுவது. எந்த ஷெல்லிலிருந்தும் கூப்பிடலாம், பைத்தானிலிருந்தும் கூப்பிடலாம். ஆனால் அதற்குள் ஃபோல்டர் மாற்றும் ‘சிடி’ கட்டளையைப் போட்டால் அதன் விளைவு அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் பழைய ஃபோல்டரிலேயே நிற்பீர்கள். ஃபோல்டரையோ வேரியபிளையோ மாற்றுகிற ஃபங்ஷன்களைச் சோர்ஸ் செய்யும் கோப்பிலேயே விட்டுவிடுங்கள்.